வீடுகளுக்கான ஆற்றல் விதி வரைவுக்குக் கருத்து எழுதுவது எப்படி? முழுமையான வழிகாட்டி

புதிதாகக் கட்டும் வீட்டின் சுவரும் கூரையும் எவ்வளவு வெப்பத்தைக் கடத்தலாம், சன்னல் எவ்வளவு பெரிதாக இருக்கலாம், வீடு எவ்வளவு ஆற்றலைச் செலவழிக்கலாம் என்றெல்லாம் சொல்லி அரசு ஒரு வரைவை வெளியிடுகிறது. நூறு பக்கத்தைத் தாண்டும். சில வாரம்தான் அவகாசம். முடிவில் "பொதுமக்கள் தங்கள் கருத்துகளைத் தெரிவிக்கலாம்" என்று ஒரு வரி இருக்கும்.

அந்த வரியை நம்பி எழுதுகிறவர்களின் கடிதங்கள் பெரும்பாலும் இரண்டு வகை. ஒன்று, "நல்ல முயற்சி, வரவேற்கிறேன்." இன்னொன்று, "ஏற்கெனவே வீடு கட்ட முடியவில்லை, இதுவேறயா? கைவிடுங்கள்." இரண்டுமே நேர்மையான கருத்துகள்தான். ஆனால் அறிக்கையில் "பலர் ஆதரித்தனர், சிலர் செலவு குறித்துக் கவலை தெரிவித்தனர்" என்ற ஒற்றை வாக்கியத்துக்குள் இரண்டும் அடங்கிவிடும். வந்த கருத்துகளைத் தொகுப்பவர் முன்னால் இருப்பது பெரும்பாலும் ஓர் அட்டவணை: முதல் கட்டத்தில் பிரிவு எண், அடுத்ததில் வந்த கருத்து, அதற்கடுத்து துறையின் பதில். எந்தப் பிரிவு என்றே சொல்லாத கடிதத்தை அவர் எங்கே கொண்டுபோய் வைப்பார்? நான் முதன்முதலில் எழுதிய கருத்து மூன்று பக்கம். அதில் ஒரு பிரிவு எண்கூடக் கிடையாது.

கருத்துக் கேட்பு என்பது வாக்கெடுப்பு இல்லை. எத்தனை பேர் சொன்னார்கள் என்பதைவிட, விதியில் எந்தச் சொல்லை ஏன் மாற்றவேண்டும் என்று யார் காட்டினார்கள் என்பதற்கே எடை. இன்னொன்றும் சொல்லவேண்டும். எல்லோரும் அட்டவணையில் உள்ள எண்களைப் பற்றியே சண்டை போடுகிறார்கள். ஆனால் விதி எந்த வீட்டைத் தொடும், எந்த வீட்டைத் தொடாது என்பதைத் தீர்மானிப்பவை வேறு மூன்று: வரையறை, அமலுக்கு வரும் தேதி, சரிபார்க்கும் முறை. இந்த வழிகாட்டியும் அங்கேதான் அதிக நேரம் நிற்கப்போகிறது.

முதல் படி: வரைவு எந்தக் கட்டத்தில் இருக்கிறது?

"ஆதாரம் கோருகிறோம்" என்ற நிலையில் இருந்தால் எதையும் கேட்கலாம், அடிப்படை அணுகுமுறையைக்கூட. விதியின் வாசகமே எழுதப்பட்டுவிட்டது என்றால் பிரிவு பிரிவாகத்தான் பேசவேண்டும். இறுதி வடிவம் என்று சொல்லி வெளியிட்டிருந்தால் எழுத்துப்பிழை, முரண்பாடு, அமலாக்கத் தேதி, இவ்வளவுதான் நகரும்.

அவகாசம் நாட்டுக்கு நாடு வேறுபடும். இந்தியாவில் 2014இல் வந்த சட்டமுன் கலந்தாய்வுக் கொள்கை, வரைவுகளைக் குறைந்தது 30 நாள் பொதுவெளியில் வைக்கச் சொல்கிறது. அமெரிக்காவில் 1946ஆம் ஆண்டின் நிர்வாக நடைமுறைச் சட்டம், விதி செய்யும் முன் அறிவிப்பு கொடுத்துக் கருத்து கேட்பதை நடுவண் துறைகளின் கடமையாக்கியது. இங்கிலாந்தில் 1985இல் ஒரு வழக்கில் முன்வைக்கப்பட்ட நான்கு கொள்கைகள் இன்றும் அளவுகோல்: முடிவு எடுக்கும் முன்பே கேட்கவேண்டும், புரிந்து பதில் சொல்லும் அளவுக்குக் காரணங்களைத் தரவேண்டும், போதிய நேரம் வேண்டும், வந்த பதில்களை மனசாட்சியோடு பரிசீலிக்கவேண்டும். நீங்கள் எந்த நாட்டில் இருந்தாலும் இந்த நான்கையும் மனதில் வைத்து வரைவைப் பாருங்கள். செலவுக் கணக்கு இணைக்கப்படவில்லையா? கணக்கிடும் மென்பொருள் வெளியிடப்படவில்லையா? அதைக் கடைசி நாளில் குறையாகச் சொல்லிப் பயனில்லை. முதல் வாரத்திலேயே ஒரு சிறு மடல் அனுப்பிக் கேட்டுவிடுங்கள்.

மொழியும் அப்படித்தான். இந்தியாவில் 2020இல் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின் வரைவு வந்தபோது, அதை அரசியல் சாசனத்தின் எட்டாம் அட்டவணை மொழிகளில் பெயர்த்து வெளியிடும்படி டெல்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது, கருத்து சொல்லும் காலத்தையும் நீட்டித்தது. அது கட்டட விதி இல்லைதான். ஆனால் மொழிபெயர்ப்பும் அவகாசமும் கேட்கக்கூடாத சலுகைகள் அல்ல என்பதற்கு அது போதும்.

இரண்டாம் படி: பின்னாலிருந்து படியுங்கள்

முன்னுரையில் பருவநிலை, எதிர்காலம், நாட்டின் இலக்கு எல்லாம் இருக்கும். அதைக் கடைசியில் படித்துக்கொள்ளலாம். முதலில் வரையறைகள், அப்புறம் பொருந்தும் எல்லை, அப்புறம் இடைக்கால ஏற்பாடு (பழைய விதியிலிருந்து புதியதற்கு மாறுவது எப்படி, எப்போது என்பது). எண்கள் உள்ள அட்டவணைகள் நான்காவது.

பொருந்தும் எல்லையின் பலம் என்ன என்பதற்கு, வீடுகளுக்கான இந்திய ஆற்றல் விதித்தொகுப்பான எக்கோ நிவாஸ் சம்ஹிதா நல்ல எடுத்துக்காட்டு. மத்திய அரசின் ஆற்றல் திறன் பணியகம் 2018 டிசம்பரில் வெளியிட்ட அதன் முதல் பகுதி வீடுகளின் சுவர், கூரை, சன்னல் பற்றியது. அளவுகள் கவனமாக யோசிக்கப்பட்டவை. ஆனால் 500 சதுர மீட்டரும் அதற்கு மேலும் உள்ள மனையில் எழும் குடியிருப்புகளுக்குத்தான் அது பொருந்தும் என்று எல்லை வகுக்கப்பட்டது. மாநிலங்களும் உள்ளாட்சிகளும் விரும்பினால் அந்த அளவைக் குறைத்துக்கொள்ளலாம். சிறு மனையில் தனி வீடு கட்டுகிறவருக்கு இது சுமை நீங்கியதாகவும் படலாம், பாதுகாப்பு கிடைக்காமல் போனதாகவும் படலாம். எப்படிப் பார்த்தாலும், அட்டவணையில் உள்ள அத்தனை எண்களையும்விட அந்த ஒரு வரி அதிக வீடுகளின் கதையைத் தீர்மானிக்கிறது.

"பெரும் புதுப்பிப்பு" என்ற சொல்லையும் தேடிப் பிடியுங்கள். பழைய வீட்டை விதிக்குள் இழுத்துவரும் கொக்கி அதுதான். ஐரோப்பிய ஒன்றியத்தின் கட்டட ஆற்றல் சட்டத்தில் இதற்கு இரண்டு அளவுகள் இருக்கின்றன: சுவர், கூரை போன்ற வெளிப்பரப்பிலும் சூடாக்கும், குளிர்விக்கும் அமைப்புகள் போன்றவற்றிலும் நடக்கும் வேலையின் செலவு கட்டடத்தின் மதிப்பில் (நில மதிப்பு நீங்கலாக) 25 விழுக்காட்டைத் தாண்டினால், அல்லது வெளிப்பரப்பில் 25 விழுக்காட்டுக்கு மேல் வேலை நடந்தால். எதை எடுப்பது என்று உறுப்பு நாடுகளே தேர்ந்துகொள்ளலாம். இந்த இரண்டும் ஒன்று போலத் தெரிந்தாலும் ஒன்றல்ல. சூடாக்கும், குளிர்விக்கும் அமைப்புகளை முழுக்க மாற்றினால் செலவு 25ஐத் தாண்டலாம், சுவரைத் தொட்டிருக்கவே மாட்டார்கள். வெளிப்பூச்சை முழுக்கக் கொத்திவிட்டுப் புதிதாகப் பூசினால் பரப்பு தாண்டும், செலவு தாண்டாமல் போகலாம். உங்கள் வரைவு எதை எடுத்திருக்கிறது, அது உங்கள் மாதிரி வீட்டில் என்ன செய்யும் என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள்.

அடுத்தது தேதி. பழைய விதியில் கட்ட யாருக்கு, எவ்வளவு காலம் அனுமதி? இங்கிலாந்தில் முன்பெல்லாம் ஒரு மனைத் தொகுதியில் ஒரு வீட்டின் வேலையைத் தொடங்கிவிட்டாலே அந்தத் தொகுதி முழுவதற்கும் பழைய விதி ஒட்டிக்கொள்ளும். புது விதி வந்து பல ஆண்டுகளுக்குப் பிறகும் பழைய தரத்தில் வீடுகள் எழுந்தன. 2022 ஜூனில் நடைமுறைக்கு வந்த திருத்தத்தில் இதை மாற்றினார்கள்: விண்ணப்பம் முன்பே கொடுத்திருந்தாலும், ஒவ்வொரு கட்டடத்தின் வேலையும் 2023 ஜூனுக்குள் தொடங்கியிருந்தால்தான் அதற்குப் பழைய விதி. "ஒவ்வொரு கட்டடமும்" என்ற இரண்டு சொல்லில் இருக்கிறது வித்தியாசம்.

தேதி தள்ளிப்போனாலும், விதியே கைவிடப்பட்டாலும் நட்டம் உண்டு. அதே இங்கிலாந்தில் 2016 முதல் புது வீடுகள் எல்லாம் கார்பன் உமிழாதவையாக இருக்கவேண்டும் என்று 2006இல் அறிவித்தார்கள். 2015இல், நடைமுறைக்கு வரச் சில மாதங்கள் இருக்கும்போது, கைவிட்டார்கள். அதை நம்பி முன்கூட்டியே தயாரானவர்களுக்குத்தான் கைநட்டம். ஆகவே "தள்ளிவையுங்கள்" என்று மொட்டையாகக் கேட்காதீர்கள். எந்தப் பிரிவுக்கு எத்தனை மாதம் தேவை, அந்த மாதங்களில் யார் எதைக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று சொல்லுங்கள். பயிற்சி பெற்ற கொத்தனார் இல்லை, சோதனைக் கருவி இல்லை, வெப்பத்தைத் தடுக்கும் காப்புப் பலகை கிடைக்கவில்லை என்பதெல்லாம் காரணங்கள். "நேரம் போதாது" என்பது காரணம் ஆகாது.

மூன்றாம் படி: எண்களைக் கண்டு மிரளவேண்டாம்

வீட்டு விதிகளில் அடிக்கடி வருவது யு-மதிப்பு. உள்ளுக்கும் வெளிக்கும் ஒரு டிகிரி வித்தியாசம் இருந்தால் ஒரு சதுர மீட்டர் சுவர் வழியாக எத்தனை வாட் வெப்பம் கடக்கும் என்பதுதான் அது. குறைந்தால் நல்லது. இருபுறமும் பூசிய ஒன்பது அங்குலச் செங்கல் சுவருக்கு ஏறத்தாழ 2 வரும். இங்கிலாந்தின் 2021 விதியில் (மேலே சொன்ன, 2022 ஜூனில் நடைமுறைக்கு வந்த திருத்தம்தான்) புது வீட்டுச் சுவருக்கு உச்ச வரம்பு 0.26. பத்து சதுர மீட்டர் சுவர், பத்து டிகிரி வித்தியாசம் என்று வைத்துக்கொண்டால் முதல் சுவரில் 200 வாட் கடக்கும், இரண்டாவதில் 26 வாட்.

சரி, அப்படியானால் எல்லா ஊரிலும் 0.26 கேட்டுவிடலாமா? வேண்டாம். குளிர்நாட்டில் உள்ளுக்கும் வெளிக்கும் இருபது, முப்பது டிகிரி வித்தியாசம் மாதக்கணக்கில் நிற்கும். வெயில் நாட்டில் அந்த வித்தியாசம் சிறிது; சூரியன்தான் பெரிது. கண்ணாடி வழியே நேராக நுழையும் வெயிலை யு-மதிப்பு அளப்பதே இல்லை. அதனால்தான் எக்கோ நிவாஸ் சம்ஹிதா சுவர், சன்னல், வெயில் மூன்றையும் ஒரே கணக்கில் சேர்த்து, குளிர்ப் பகுதி தவிர்த்த மற்ற தட்பவெப்பப் பகுதிகளுக்குச் சதுர மீட்டருக்கு 15 வாட் என்று ஒரு வரம்பு வைத்தது. சன்ஷேடு போட்டாலும் அந்தக் கணக்கு குறையும், சன்னலை வடக்கே திருப்பினாலும் குறையும். உங்கள் ஊர் வெயில் ஊரா? அப்படியானால் வரைவில் நிழலுக்கும் திசைக்கும் கணக்கு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் உங்கள் கருத்தின் முதல் பத்தி கிடைத்துவிட்டது.

கூரையைத் தனியாகக் கவனியுங்கள். உச்சி வெயில் விழுவது அங்கேதான். வெறும் கான்கிரீட் தளத்தின் யு-மதிப்பு 3ஐத் தாண்டும். மேற்சொன்ன இந்திய விதி கேட்பது 1.2. இதை எட்ட இரண்டு சென்டிமீட்டர் அளவில் நல்ல நுரைக்காப்புப் பலகை போதும். "கட்டுப்படியாகாது" என்று யாராவது சொன்னால், எத்தனை சென்டிமீட்டர் பொருளைப் பற்றிப் பேசுகிறோம் என்று திருப்பிக் கேட்க இந்தக் கணக்கு உதவும். கட்டுப்படியாகாது என்பது உங்கள் கட்சி என்றாலும் இதே கணக்கைப் போட்டுவிட்டுத்தான் எழுதவேண்டும்.

நான்காம் படி: விதி தொடாத இடத்தில் என்ன ஆகும்?

ஆற்றலுக்காக வீட்டை இறுக மூடினால் ஈரமும் புழுக்கமும் உள்ளே தங்கும். நன்றாகக் காப்பிட்ட வீடு, கோடையில் உள்ளே புகுந்துவிட்ட சூட்டை எளிதில் வெளியே விடாது. குளிருக்குப் பழகிய இங்கிலாந்தே வீடுகள் அளவுமீறிச் சூடாவதைத் தடுக்க 2021இல் தனியாக ஒரு பகுதியை எழுத வேண்டிவந்தது. நியூசிலாந்தில் 1990களில் கட்டிய வீடுகளில் வெளிப்பூச்சுக்குப் பின்னால் புகுந்த நீர் காய வழியில்லாமல், பதப்படுத்தாத மரச்சட்டங்கள் உளுத்துப்போயின. அது ஆற்றல் விதியால் வந்த வினை அல்ல. சுவரின் ஓர் அடுக்கை மாற்றும்போது மற்ற அடுக்குகளைக் கேட்காததால் வந்தது.

தீயும் உண்டு. லண்டனில் கிரென்ஃபெல் டவரை 2016இல் புதுப்பித்தபோது வெளிச்சுவரில் காப்புப் பொருளும் அதன்மேல் அலங்காரத் தகடும் பொருத்தினார்கள். அடுத்த ஆண்டு பிடித்த தீ, எரியக்கூடிய உள்ளடுக்கு கொண்ட அந்தத் தகடுகள் வழியாக மேலேறியது. 72 பேர் இறந்தார்கள். காப்பு பற்றிய எந்த வரைவிலும் "எரியும் தன்மை" என்ற சொல்லைத் தேடுங்கள். வேறொரு விதியைப் பார்க்கச் சொல்லியிருந்தால் அதையும் போய்ப் படியுங்கள். இரண்டு விதியும் ஒன்றையொன்று கைகாட்டிவிட்டு இரண்டும் மௌனமாக இருப்பது அபூர்வம் இல்லை.

ஐந்தாம் படி: யார் சரிபார்ப்பார்கள்?

தாளில் ஒரு வீடு, தளத்தில் வேறொரு வீடு. வரைபடத்தில் காப்புப் பலகை இடைவெளி இல்லாமல் இருக்கும். கட்டும்போது குழாய்க்காக வெட்டிய இடம் அப்படியே திறந்து கிடக்கும். பூச்சு மூடியபிறகு யாருக்கும் தெரியாது. ஆகவே வரைவில் கேட்கவேண்டிய கேள்வி, அனுமதி கேட்கும்போது காட்டும் கணக்கு போதுமா, கட்டி முடித்த வீட்டையும் அளப்பார்களா என்பது.

அளக்க வழிகள் இருக்கின்றன. வாசலில் விசிறி பொருத்தி, உள்ளுக்கும் வெளிக்கும் 50 பாஸ்கல் அழுத்த வித்தியாசம் உண்டாக்கி, எவ்வளவு காற்று கசிகிறது என்று பார்ப்பது ஒன்று. மிகக் குறைந்த ஆற்றலில் இயங்கும் வீடுகளுக்காக ஜெர்மனியில் பிறந்த பாசிவ் ஹவுஸ் தரம் இந்தச் சோதனையில் மணிக்கு 0.6 காற்றுமாற்றத்துக்கு மேல் (வீட்டில் உள்ள காற்றில் 60 விழுக்காட்டுக்கு மேல் கசிவதை) அனுமதிப்பதில்லை. சன்னலைத் திறந்து வாழும் ஊருக்கு அந்தச் சோதனை தேவையே இல்லாமல் இருக்கலாம். அங்கே இன்னும் எளிய வழி போதும்: மூடுவதற்கு முன் ஒவ்வொரு இணைப்பையும் புகைப்படம் எடுத்து ஒப்படைக்கவேண்டும் என்று ஒரு வரி. இங்கிலாந்தின் 2021 விதி புது வீடுகளுக்கு இதைக் கேட்கிறது. செலவு என்று சொல்ல ஒன்றுமில்லை. எந்த வரைவுக்கும் நான் தயங்காமல் பரிந்துரைக்கும் திருத்தம் இது.

ஆறாம் படி: உங்கள் வீடே உங்கள் ஆதாரம்

நிறுவனங்கள் ஆய்வறிக்கை அனுப்பும். உங்களிடம் இருப்பது அவர்களிடம் இல்லாதது, வாழ்ந்து பார்த்த வீடு. பன்னிரண்டு மாத மின்கட்டண ரசீதை எடுத்து அலகுகளை மட்டும் வரிசையாக எழுதுங்கள். ஒரு சாதாரண வெப்பமானியால் ஒரு வாரம், பிற்பகல் மூன்று மணிக்கும் இரவு பத்து மணிக்கும், மேல்தளத்து அறையிலும் வெளி நிழலிலும் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். இரவு பத்துக்கும் அறை வெளியைவிடச் சூடாக இருந்தால், கூரை பகலில் வாங்கிய வெப்பத்தை இரவில் இறக்குவது காரணமாக இருக்கலாம். வீட்டின் பரப்பு, மாடி, சன்னல் பார்க்கும் திசை, குடியிருப்பவர் எண்ணிக்கை நான்கையும் சேருங்கள். இவை இல்லாமல் அலகுக் கணக்கு எதையும் சொல்லாது.

வாடகைக்கு இருப்பவரா? நீங்கள் கட்டாயம் எழுதவேண்டும். காப்புக்குச் செலவழிப்பவர் உரிமையாளர், மின்கட்டணம் கட்டுபவர் நீங்கள். இந்த முடிச்சைப் பெரும்பாலான செலவுக் கணக்குகள் மெல்லத் தாண்டிப் போய்விடும். கணக்கில் எந்த மின்விலை, எத்தனை ஆண்டு ஆயுள், சேமிப்பு யாருக்கு என்று மூன்றையும் கேளுங்கள்.

ஒரு எச்சரிக்கை: கருத்துகள் வெளியிடப்படலாம். ரசீதில் உள்ள பெயர், முகவரி, இணைப்பு எண் எல்லாவற்றையும் மறைத்துவிட்டு அனுப்புங்கள்.

ஏழாம் படி: எழுதுவது

ஒரு கருத்துக்கு ஒரு பத்தி. பிரிவு எண், அது சொல்வது, அதனால் நேர்வது, நீங்கள் கேட்கும் மாற்றுச் சொற்கள், ஆதாரம். கற்பனையாக ஒன்றை எழுதிக் காட்டுகிறேன்:

"பிரிவு 4.2: கூரைப் பரப்பில் 25 விழுக்காட்டுக்கு மேல் பழுதுபார்த்தால் கூரை முழுவதும் புதிய அளவை எட்டவேண்டும் என்கிறது. ஒழுகலுக்கு ஒட்டுப் போடுகிறவரும் இதில் சிக்குவார். அவர் 24 விழுக்காட்டோடு நிறுத்திவிட்டு மிச்சத்தை அடுத்த ஆண்டு செய்வார். கூரைக்குக் காப்பு வரவே வராது. 'கூரையின் நீர்த்தடுப்பு அடுக்கை முழுமையாக அகற்றி மாற்றும்போது' என்று திருத்தக் கோருகிறேன். அந்த வேளையில் காப்புப் பலகை சேர்க்கத் தனியாக உடைக்கவேண்டியதில்லை. என் வீட்டில் சென்ற ஆண்டு நடந்த இத்தகைய வேலையின் மதிப்பீட்டையும் படங்களையும் இணைத்துள்ளேன்."

இதில் ஆதரவு, எதிர்ப்பு என்ற சொற்களே இல்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள்.

வினாப்பட்டியலாகக் கேட்டிருந்தால் தெரிந்ததற்கு மட்டும் பதில் சொன்னால் போதும். "வழி ஒன்றா, வழி இரண்டா" என்று கேட்டால் மூன்றாவதைச் சொல்லவும் உங்களுக்கு உரிமை உண்டு. இங்கிலாந்தில் 2019இல் நடந்த கருத்துக் கேட்பில், கார்பன் உமிழ்வை 20 விழுக்காடு குறைப்பதா 31 விழுக்காடு குறைப்பதா என்று இரண்டு வழிகளை வைத்தார்கள். 31 தேர்வானது. ஆனால் எனக்குச் சுவையாகப் படுவது வேறு. அதே வரைவு, சுவர், கூரை, சன்னலின் தரத்துக்கென்று இருந்த தனி அளவுகோலை எடுத்துவிடப் பார்த்தது. உள்ளாட்சிகள் தேசிய அளவைவிடக் கூடுதல் தரம் கேட்கும் அதிகாரத்தையும் கட்டுப்படுத்தப் பார்த்தது. எதிர்ப்புக் கருத்துகள் வந்தன. 2021 ஜனவரியில் அரசு வெளியிட்ட பதிலில் அந்த அளவுகோல் திரும்பவும் இருந்தது. உள்ளாட்சிகளின் அதிகாரமும் அப்போதைக்குத் தப்பியது.

எட்டாம் படி: சேர்ந்து எழுதுவதா, தனியாகவா?

ஒரே கடிதத்தில் ஐந்நூறு பேர் கையெழுத்துப் போட்டால் அது ஒரு கருத்து, பக்கத்தில் ஓர் எண். பலர் சேர்கிறீர்கள் என்றால் வேலையைப் பிரித்துக்கொள்ளுங்கள். கொத்தனார் இணைப்புகளைப் பற்றி எழுதட்டும், வாடகைக்காரர் கட்டணத்தைப் பற்றி, முதியவர் கோடை இரவுகளைப் பற்றி. செயற்கை நுண்ணறிவை விட்டு நூறு கடிதம் எழுதவைப்பது அதைவிட மோசம். தொகுப்பவருக்குத் தெரிந்துபோனால், உண்மையான கருத்தும் அதோடு சேர்ந்து அடிபடும்.

ஒன்பதாம் படி: அனுப்பிய பிறகு

கடைசி நாளுக்கு இரண்டு நாள் முன்பே அனுப்பி, பெற்றுக்கொண்டதற்கான சான்றைச் சேமித்துவையுங்கள். துறையின் பதில் வெளிவரும்போது உங்கள் பிரிவு எண்ணைத் தேடுங்கள். "ஏற்கப்படவில்லை" என்று காரணத்தோடு இருந்தால் அந்தக் காரணத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பதிலே இல்லையென்றால் ஏன் என்று எழுதிக் கேளுங்கள். தகவல் உரிமைச் சட்டம் உள்ள நாடுகளில் அதற்கு ஒரு வழியும் இருக்கிறது. இறுதி விதி வந்ததும் வரைவோடு பக்கம் பக்கமாக வைத்து வரையறைப் பகுதியை ஒப்பிடுங்கள், சத்தமில்லாமல் மாறுவது அங்கேதான்.

இந்த விதிகள் ஒருமுறை எழுதி முடிப்பவை அல்ல. கலிபோர்னியாவின் கட்டட ஆற்றல் விதிகள் 1978இல் தொடங்கின. ஏறத்தாழ மூன்று ஆண்டுக்கு ஒருமுறை திருத்தப்பட்டு வந்திருக்கின்றன. புது வீடுகளின் கூரையில் சூரிய மின்தகடு என்ற நிபந்தனை 2020இல்தான் அங்கே வந்தது. அதனால் வெப்பமானிக் குறிப்புகளைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அடுத்த கோடையிலும் அதே அறையில், அதே இரண்டு நேரத்தில் அளந்து அதன் கீழேயே எழுதிவையுங்கள்.